ஏழாம் எண் கார்பைனின் வெள்ளைக் கசடு

கனிம வளாகப் பாதுகாப்புப் படையின் விருத்தாசலம் பிரிவில் இருபத்துநான்கு ஆண்டுகளாகத் துப்பாக்கி துடைத்துவந்த ஏட்டு கொளஞ்சிநாதன், மார்கழி எட்டாம் தேதி காலை ஆறரை மணிக்கு ஒரு தவறு செய்தார். கண்ணால் பார்த்ததைப் பதிவேட்டில் எழுதிவிட்டார்.

அந்தப் படை எதைப் பாதுகாக்கிறது என்று ஊரில் பலருக்குத் தெரியாது. செராமிக் தொழிற்பேட்டைக்குப் பின்னால் முள்வேலி போட்ட இருபது ஏக்கர் நிலமும், அதன் நடுவே எப்போதோ கொட்டிவைத்த வெள்ளைக் களிமண் மேடும் இருக்கின்றன. மேட்டின்மேல் புல் முளைத்து, புல்லை ஆடுகள் மேய்ந்து, மறுபடி முளைத்துக்கொண்டிருந்தது. அந்த மண்ணைத் திருட இதுவரை ஒருவரும் வரவில்லை. திருடர்கள் வராததற்குத் தாங்கள் இருப்பதே காரணம் என்று படை ஒவ்வோராண்டும் அறிக்கை அனுப்பிவந்தது. அறிக்கையை ஏற்று ஆள் கூட்டினார்கள். இப்போது அறுபத்திரண்டு பேர், ஒரு ஜீப்பு, எட்டு கார்பைன்.

கார்பைன் என்பது கைத்துப்பாக்கியில் போடுகிற அதே குட்டைத் தோட்டாவைப் போட்டுச் சுடும், கொஞ்சம் நீளமான துப்பாக்கி. வருடத்துக்கு ஒரு நாள் ஆளுக்குப் பத்துத் தோட்டா சுடுவார்கள். மறுநாள் காலை கொளஞ்சிநாதன் எட்டையும் பிரித்துப்போட்டு, கயிற்றில் துணியைக் கட்டிக் குழலுக்குள் விட்டு இழுப்பார். துணி கரியாக வெளியே வரும். பதிவேட்டில் ‘கசடின் நிறம்’ என்று ஒரு கட்டம் உண்டு. இருபத்துநான்கு ஆண்டுகளாக அதில் ‘கருப்பு’ என்று எழுதிவந்தார்.

அன்று ஏழாம் எண் கார்பைனில் துணி சிக்கிக்கொண்டு நகர மறுத்தது. இழுத்துப் பார்த்தால் சாம்பலைக் குழைத்த மாதிரி வெள்ளையாக, கெட்டியாக ஏதோ அப்பியிருந்தது. உள்ளே முன்னும் பின்னும் ஓட வேண்டிய இரும்புப் பாகத்தைச் சுற்றியும் அதே வெள்ளை. மற்ற ஏழிலும் அப்படித்தான். கொளஞ்சிநாதன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, கட்டத்தில் ‘வெள்ளை’ என்று எழுதினார்.

ஒன்பது மணிக்கு வந்த ஆய்வாளர் ஆதிநாராயணன் பதிவேட்டைப் புரட்டி அந்தப் பக்கத்திலேயே நின்றுவிட்டார்.

“ஏன்யா வெள்ளைன்னு எழுதுன?”

“வெள்ளையா இருந்துச்சுங்க ஐயா.”

“இருந்தா எழுதிடுவியா?”

ஆதிநாராயணன் நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைத் தேய்த்தார்.

“கருப்புன்னு எழுதியிருந்தா இந்த ரூமோட முடிஞ்சிருக்கும். இப்ப அத அடிச்சித் திருத்தணும்னா கமாண்டன்ட் கையெழுத்து வேணும். அவர் கையெழுத்து போடணும்னா ஏன் அடிக்கிறோம்னு கேப்பாரு. கேட்டா கமிட்டி போடுவாரு. எத்தன பேருக்கு வேல வச்சிட்ட பாத்தியா?”

அவர் சொன்னபடியே ஆயிற்று. மூன்றாம் நாள், கடலூர்த் தலைமையகத்திலிருந்து கமாண்டன்ட் ராஜ்மோகன் தலைமையில் மூவர் கொண்ட விசாரணைக் குழு வந்தது. பன்னிரண்டரை மணி. வெயில் தகரக் கூரையில் இறங்கியிருந்தது. ராஜ்மோகன் ஏழாம் எண் கார்பைனை வாங்கிக் குழலுக்குள் ஒற்றைக் கண்ணால் பார்த்தார். உள்ளே கரி கலந்த எண்ணெய் பளபளவென்று ஒழுகிக்கொண்டிருந்தது. வெள்ளையைக் காணோம்.

“எங்க?” என்றார்.

“காலையில இருந்துச்சுங்க ஐயா.”

“கசடு எங்கயாவது வெளிய போயிருக்குதா?”

குழுவின் மற்ற இருவரும் சிரித்தார்கள். பொய்யான பதிவு செய்ததற்கு விளக்கம் கேட்டுக் கொளஞ்சிநாதனுக்கு அன்றே குறிப்பாணை கொடுத்தார்கள். மறுநாள் காலை ஆறரைக்கு வெள்ளை திரும்ப வந்தது. அதைக் கைபேசியில் படம் எடுத்து அனுப்பினார். ஆயுதத்தைப் படம் எடுத்ததற்கு விளக்கம் கேட்டு இரண்டாவது குறிப்பாணை வந்தது.

மங்கலம்பேட்டை ரோட்டில் இருந்த வீட்டில், அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை, தலைவாரிக்கொள்ள உட்கார்ந்த அவர் மனைவி சிவசங்கரி எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்துக் கவிழ்த்துத் தட்டினாள்.

“ஒறஞ்சி கெடக்குது. இதக் கொஞ்சம் வெயில்ல வச்சிட்டு வாங்க.”

கொளஞ்சிநாதன் பாட்டிலை வாங்கினார். வாங்கியவர் நகரவில்லை. கண்ணாடிக்குள் வெள்ளையாக உறைந்திருந்த தேங்காய் எண்ணெயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மூடியைத் திறந்து முகர்ந்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, பாட்டிலோடு சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். சிவசங்கரி அன்று எண்ணெய் வைக்காமல் தலைவாரினாள்.

கிடங்கில் புதிதாக வந்திருந்த தகர டின்னில் ‘ஆயுத எண்ணெய், வகை 2’ என்று அரசு முத்திரையோடு காகிதம் ஒட்டியிருந்தது. கொளஞ்சிநாதன் ஈரத் துணியால் காகிதத்தின் ஓரத்தை நனைத்து உரித்தார். கீழே ஒரு தென்னை மரமும், அதனடியில் கூந்தலை விரித்துப்போட்ட ஒரு பெண்ணும் இருந்தார்கள். இத்தனை நாள் வெடிமருந்துக் கருகலோடு கலந்து வந்த வாசனையை அவர் முகர்ந்தே இருந்தார். முத்திரையைப் பார்த்தபோது மூக்கை நம்பத் தோன்றவில்லை.

குழு இரண்டாம் முறை கூடியபோது டின்னை மேசைமேல் வைத்து எல்லாவற்றையும் சொன்னார். பனியில் உறைகிறது, வெயிலில் உருகுகிறது, பழைய எண்ணெயைக் கொடுத்தால் எட்டையும் ஒரு மணி நேரத்தில் சுத்தம் செய்துவிடுவேன் என்றார். ராஜ்மோகன் குறுக்கிடாமல் கேட்டார். கேட்டு முடித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“கொளஞ்சிநாதன், இந்த எண்ணெய வாங்குன கமிட்டிக்கு நான் தலைவர். இதுக்குத் தரச்சான்று குடுத்த கமிட்டிக்கும் நான் தலைவர். இப்ப இந்த விசாரணைக் கமிட்டிக்கும் நான்தான் தலைவர். மூணு கமிட்டியும் தனித்தனியா உக்காந்து, ஒண்ணோட ஒண்ணு பேசிக்காம, ஒரே முடிவுக்கு வந்திருக்குது. இது ஆயுத எண்ணெய். மூணு கமிட்டியும் தப்பு, நீ ஒருத்தன் சரியா?”

“ஒரு தடவ மோந்து பாருங்க ஐயா.”

“மோந்து பாக்குறதுக்குத் தடய அறிவியல்ல தனி ஆளு இருக்காங்க. கமாண்டன்ட் மோந்தா அது ஆதாரம் ஆவாது, பழக்கம் ஆயிடும்.”

“டின்னுல தென்ன மரம் இருக்குதுங்க.”

“ஜீப்புல கூடத்தான் சிங்கம் இருக்குது. ஜீப்பு கறி தின்னுதா?”

பேச்சு நடக்கும்போதே குழுவின் இரண்டாவது உறுப்பினர் டின்னில் விரலை விட்டு, பனியில் வெடித்திருந்த புறங்கையில் தடவிக்கொண்டார். பிறகு முழங்கை. சாப்பாட்டு இடைவேளைக்குப் பின் அவர் திரும்பி வந்தபோது தலைமுடி படிந்து, வகிடு நேராக இருந்தது. எண்ணெய் தரமானது என்று மறுபடியும் அவர்தான் முன்மொழிந்தார்.

ஆனாலும் வெள்ளைக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. மூன்றாவது உறுப்பினர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் நீலாவதியின் பட்டறை. மின்சாரத்துக்கான பீங்கான் ஃபீஸ் கட்டை செய்கிற இடம். வாசலில் வெள்ளை மண் மூட்டைகள், வெள்ளைத் தூள் படிந்த வேப்பமரம், முழங்கை வரை வெள்ளையாக ஆறு பெண்கள்.

“அது வெள்ளையா இருக்குது ஐயா” என்றார் அவர்.

ராஜ்மோகன் எழுந்து வந்து பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். “இதத்தான் நான் ஆரம்பத்துலேந்து சொல்லிக்கிட்டிருக்கேன்” என்றார்.

அன்று பிற்பகலே படை வேலியைத் தாண்டியது. தோன்றிய நாளிலிருந்து அது செய்த முதல் படையெடுப்பு. ஆதிநாராயணன் முன்னால் போக, எட்டுப் பேர் கார்பைன்களோடு பட்டறைக்குள் நுழைந்தார்கள். சூளையில் காலையிலிருந்து நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. உள்ளே மாதக் கடைசிக்குள் அனுப்ப வேண்டிய சரக்கு மொத்தமும் அடுக்கியிருந்தது.

நீலாவதி கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள். கணவன் போன பிறகு ஒன்பது ஆண்டுகளாகத் தனியாக அந்தப் பட்டறையை நடத்துகிறவள். சத்தம் போட்டுப் பேசிப் பழக்கமில்லை.

“என்னா சார் விஷயம்?”

“உங்க பட்டறைத் தூளு காத்துல பறந்து எங்க ஆயுதத்துக்குள்ள பூந்திருக்குது. விசாரணை முடியிற வரைக்கும் சூளைக்கு சீல்.”

“எரிஞ்சிக்கிட்டு இருக்குதுங்களே. இன்னும் நாலு மணி நேரம் எரியணும். இப்ப அணைச்சா உள்ள இருக்கிறது அவ்வளவும் வீணாப் போவும் சார்.”

“அது உங்க சூளையோட உள்விவகாரம்மா. படை அதுல தலையிடாது.”

சூளைக்கு எரிவாயு வரும் குழாயை மூடிப் பூட்டினார்கள். சூளைக் கதவில் துணியைக் கட்டி அரக்கு வைத்தார்கள். எட்டுக் கார்பைன்களில் இரண்டு அன்றிலிருந்து சூளையைக் காவல் காத்தன.

மறுநாள் காலை நீலாவதி கிடங்கின் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றாள். கொளஞ்சிநாதனை அவளுக்குத் தெரியும். டீக்கடையில் பார்த்துத் தலையாட்டிக்கொள்கிற பழக்கம்.

“ஏட்டய்யா, எங்க மண்ணு உங்க துப்பாக்கிக்குள்ள எப்பிடிங்க போவும்?”

“போவலம்மா. அது தேங்கா எண்ணெய். பனியில ஒறஞ்சிருக்குது.”

அவள் ஜன்னலை ஒட்டி வந்தாள்.

“அப்ப அதச் சொல்லிட வேண்டியதுதானே?”

“சொல்லிட்டேன்.”

“சொன்னதுக்கு?”

“அதுக்குத்தான் உங்க சூளைக்கு சீல் வச்சாங்க.”

சூளையை ஒருமுறை திறந்து சரக்கை மட்டும் எடுத்துக்கொள்ள அனுமதித்திருந்தார்கள், அதைச் சொல்லத்தான் வந்தேன் என்றாள் நீலாவதி. முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு ஃபீஸ் கட்டையை எடுத்து ஜன்னல் திட்டில் வைத்துவிட்டுப் போனாள். மெருகு பாதி உருகிக் கொப்புளம் கொப்புளமாக நின்றிருந்தது. கொளஞ்சிநாதன் எடுத்துப் பார்த்தபோது அது விரலுக்கிடையில் விரிசல் விட்டது.

அன்று மதியம் ஆதிநாராயணன் தட்டச்சு செய்த ஒரு தாளோடு வந்தார். குரலில் வழக்கமில்லாத அன்பு.

“இந்தா, படிச்சிப் பாக்க வேணாம், கையெழுத்து மட்டும் போடு. உன்மேல இருக்கிற ரெண்டு மெமோவும் போயிடும். பொங்கலுக்கு நற்சான்று.”

கொளஞ்சிநாதன் படித்தார். ‘இருபத்துநான்கு ஆண்டு அனுபவத்தில், மேற்படி வெள்ளைக் கசடு திருமதி நீலாவதியின் பட்டறையிலிருந்து காற்றின் மூலம் உள்நுழைந்த பீங்கான் தூளே என உறுதியாகத் தெரிவிக்கிறேன்.’ கீழே அவர் பெயர்.

“பீங்கான் தூளு வெயில்ல உருகுமாங்க ஐயா?”

“அதெல்லாம் நீ எதுக்கு யோசிக்கிற? எண்ணெய்னு சொன்னா மூணு ஆபீசருக்குக் கஷ்டம். தூளுன்னு சொன்னா ஒரு பொம்பளைக்குக் கஷ்டம். எது குறைச்சல்னு நீயே கணக்குப் போடு.”

“எனக்கு இன்னும் எட்டு வருஷம் சர்வீஸ் இருக்குதுங்க” என்றார் கொளஞ்சிநாதன்.

“அதத்தான்யா சொல்றேன்.”

கொளஞ்சிநாதன் பேனாவைக் கையில் எடுத்தார். சிவசங்கரியிடம் என்ன சொல்வது, கல்லூரியில் படிக்கிற மகளிடம் என்ன சொல்வது என்று நினைத்தார். பயமாக இருந்தது. ஜன்னல் வழியே பார்த்தபோது, வேப்பமரத்தடியில் ஆறு பெண்களும் வேலையில்லாமல் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பேனாவை மூடி வைத்தார்.

“என்னால முடியாதுங்க ஐயா.”

மாலைக்குள் அவரைப் பணியிடை நீக்கம் செய்தார்கள். ஆணையில் மூன்று குற்றங்கள். அரசு முத்திரையை ஈரப்படுத்தியது. அரசு எண்ணெயை உணவுப் பொருளாகக் கருதியது. விசாரணைக் குழுவை முகர்ந்து பார்க்கச் சொன்னது.

வீட்டில் சிவசங்கரி ஆணையை இரண்டு முறை படித்தாள். கோபிப்பாள் என்று எதிர்பார்த்தார். “அந்த பாட்டிலயும் எடுத்துக்கிட்டாங்களா?” என்று மட்டும் கேட்டாள். எடுத்துக்கொண்டார்கள். அது சான்றுப் பொருளாகிவிட்டது.

மார்கழி இருபத்தெட்டாம் தேதி படையின் இயக்குநர் சென்னையிலிருந்து ஆய்வுக்கு வந்தார். ஒன்பது மணிக்கு அவருக்கு வேறு கூட்டம் இருந்ததால், சுடும் நிகழ்ச்சி காலை ஆறேமுக்காலுக்கு. பனி தரையோடு படிந்து, எதிரே வைத்த இலக்குப் பலகைகளே மங்கலாகத் தெரிந்தன. எட்டு வீரர்கள் மண்டியிட்டுக் குறிபார்த்தார்கள். ஆதிநாராயணன் கட்டளையிட்டார். எட்டுக் கார்பைன்களிலிருந்தும் ‘தொப்’ என்று சோம்பலாக ஒரு சத்தம் வந்து அடங்கியது.

இயக்குநர் காத்திருந்தார். “சத்தமே வரலையே?” என்றார்.

“சத்தமில்லாப் பயிற்சிங்க ஐயா” என்றார் ராஜ்மோகன். “நம்ம பிரிவுல மட்டும்தான் இருக்குது. எதிரிக்கு நம்ம இருக்கிற இடம் தெரியாது.”

“ரொம்ப நல்லது. இப்ப சத்தத்தோட ஒரு தடவ செய்யச் சொல்லுங்க.”

ராஜ்மோகன் ஆதிநாராயணனைப் பார்த்தார். ஆதிநாராயணன் எட்டு வீரர்களையும் பார்த்தார். கார்பைனைப் பிரித்து மாட்டத் தெரிந்த ஒரே ஆள் பணியிடை நீக்கத்தில் இருந்தார். அடுத்த ஐந்தாவது நிமிஷம் ஜீப்பு மங்கலம்பேட்டை ரோட்டில் பறந்தது.

கொளஞ்சிநாதன் தலையில் மஃப்ளரோடு, வேட்டி சட்டையில் வந்து இறங்கினார். துப்பாக்கிகளைத் திறந்து பார்த்தார். எதிர்பார்த்ததுதான், வெண்மையாக உறைந்து உள்பாகங்களை இறுக்கியிருந்தது.

“சூடு வேணுங்க” என்றார்.

“கேன்டீன்ல அடுப்பு எரியுது, எடுத்துட்டுப் போ” என்றார் ஆதிநாராயணன்.

“நெருப்புல காட்டக் கூடாதுங்க. பிடி உருகிடும், ஸ்பிரிங்கு கெட்டுடும். நெருப்பு மேல படாம அனலு மட்டும் படணும். எட்டும் ஒண்ணாக் காயணும்.” வேலிக்கு அப்பால் கையைக் காட்டினார். “பக்கத்துல அப்பிடி ஒரே எடம்தான் இருக்குது. சூளை.”

அவர் சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதியைச் சோதிக்கும் அறிவு அங்கே நின்ற யாருக்கும் இல்லை என்பதை இருபத்துநான்கு ஆண்டுகளில் அவர் தெரிந்துவைத்திருந்தார்.

“போய்த் தொறங்கய்யா” என்றார் ராஜ்மோகன் பல்லைக் கடித்துக்கொண்டு.

“கமிட்டி வச்ச சீலுங்க ஐயா. எழுத்துல உத்தரவு இல்லாமத் தொட்டா எனக்கு நாலாவது குத்தம் ஆயிடும்.”

ராஜ்மோகன் ஜீப்பின் பானெட்டில் தாளை வைத்து, சீல் நிரந்தரமாக நீக்கப்படுகிறது என்று கொளஞ்சிநாதன் சொல்லச்சொல்ல எழுதிக் கையெழுத்துப் போட்டார். ‘நிரந்தரமாக’ என்ற சொல்லில் ஒரு கணம் பேனா நின்றது. தூரத்தில் இயக்குநர் கடிகாரத்தைப் பார்த்தார். பேனா நகர்ந்தது.

நீலாவதி தாளை வாங்கிப் படித்து, மடித்து, ரவிக்கைக்குள் வைத்துக்கொண்ட பிறகுதான் எரிவாயுவைத் திறந்தாள். நெருப்பு நீலமாகப் பிடித்துக்கொண்டது. தோட்டாக்களை எடுத்துவிட்ட எட்டுக் கார்பைன்களையும் கொளஞ்சிநாதன் சூளைச் சுவரை ஒட்டிப் பலகைமேல் வரிசையாகச் சாய்த்தார். அனல் ஏற முக்கால் மணி நேரம் ஆயிற்று. படை முழுவதும் வேலிக்கு அந்தப் பக்கம் விறைப்பாக நின்றது. பிறகு ஒவ்வொரு குழலின் நுனியிலிருந்தும் எண்ணெய் சொட்டத் தொடங்கியது. துடைத்து மாட்டிக் கொடுத்தார்.

இந்த முறை எட்டும் வெடித்தன. மைதானம் முழுக்கத் தேங்காய் எண்ணெய் கருகும் வாசனை பரவியது.

“யாரோ அப்பளம் பொரிக்கிறாங்க போல” என்றார் இயக்குநர்.

“பக்கத்துக் குடியிருப்புங்க ஐயா” என்றார் ராஜ்மோகன்.

“தேங்கா எண்ணெய்ங்க ஐயா” என்றார் கொளஞ்சிநாதன். “துப்பாக்கிக்குப் போட்டது.”

ராஜ்மோகனின் முகம் வெளுத்தது. இயக்குநர் ஒரு கார்பைனை வாங்கித் தாமே முகர்ந்தார். மற்றவர்களும் மூச்சை இழுத்துப் பிடித்து நின்றார்கள்.

“அருமை” என்றார் இயக்குநர். “எத்தன வருஷமா வெளிநாட்டு எண்ணெய்க்குக் கையேந்திட்டு இருக்கோம். நம்ம மரம், நம்ம எண்ணெய், உள்ளூர்ச் சூளையில இளஞ்சூடு. இந்த யோசனை யாருது?”

“கமிட்டியோடதுங்க ஐயா” என்றார் ராஜ்மோகன், சற்றும் தாமதிக்காமல். “மூணு கமிட்டி.”

குடியரசு தினத்தன்று மூவருக்கும் பதக்கம் கிடைத்தது. மற்ற எல்லாப் பிரிவுகளுக்கும் அதே டின்களை வாங்க ஆணை போயிற்று. அதிகாலையில் ஆபத்து நேர்ந்தால் வீரர்கள் சூளையின் அனுமதி பெற்று, ஆயுதங்களை முக்கால் மணி நேரம் காயவைத்த பிறகே எதிரியைச் சந்திக்க வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. சுற்றறிக்கையின் படி ஒன்று நீலாவதிக்கும் வந்தது. அவள் அதைச் சரக்குப் பெட்டியின் அடியில் விரித்து, மேலே ஃபீஸ் கட்டைகளை அடுக்கினாள்.

கொளஞ்சிநாதனின் பணியிடை நீக்கத்தை யாரும் நினைக்கவில்லை. எண்ணெயைத் தேங்காய் எண்ணெய் என்று இயக்குநர் சொன்னால் அது பாராட்டு, ஏட்டு சொன்னால் அது குற்றம், இரண்டும் வெவ்வேறு கோப்பு என்று ஆதிநாராயணன் விளக்கினார்.

சித்திரையில் வெயில் நூற்றைந்தைத் தொட்ட ஒரு பிற்பகல், பதிவுத் தபாலில் குறிப்பாணை வந்தது. கொளஞ்சிநாதன் விசிறிக்கடியில் உட்கார்ந்து அதைப் படித்தார். ‘தாங்கள் பணியிலிருந்த காலத்தில் கார்பைன்களில் தொடர்ந்து காணப்பட்ட வெள்ளைக் கசடு, கடந்த இரண்டு மாதங்களாக ஒரு முறைகூடக் காணப்படவில்லை. எனவே மேற்படி கசடுக்குத் தாங்களே காரணம் எனக் குழு ஒருமனதாக முடிவு செய்துள்ளது. பதினைந்து நாட்களுக்குள் விளக்கமளிக்கவும்.’

சிவசங்கரி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். “என்னாவாம்?”

“வெயில் வந்துடுச்சாம்.”

“இத அவங்க எழுதித்தான் நமக்குத் தெரியணுமா?”

அவர் சிரித்தார். அந்தத் தாள் வந்ததிலிருந்து பயமே வரவில்லை என்பது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. மகளின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, மேசையை இழுத்துப் போட்டுக்கொண்டு, நிதானமாக எழுதினார்.

‘ஐயா, மேற்படி கசடு வருகிற மார்கழியில் காலை ஆறரை மணியளவில் பணிக்குத் திரும்பும். அப்போது நான் என் வீட்டில் இருப்பேன் என்பதற்கு என் மனைவி சாட்சி. அதுவரை குழு ஓய்வெடுத்துக்கொள்ளலாம். சான்றுப் பொருளாக எடுத்துச் சென்ற அவளுடைய தலை எண்ணெயை, இரண்டாவது உறுப்பினர் மிச்சம் வைத்திருந்தால், திருப்பி அனுப்புமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.’